சனிக்கு எடுத்த விழா

சனிக்கு விழா எடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே எனக்கு அது பிடிக்கவில்லை. அந்த விழாவில் எனக்குக் கிடைத்த ஒரு பரிசால் லண்டனில் எனக்கிருந்த ஒரே சிநேகிதியை இழந்தேன். இழந்தேன் என்று சொல்வதுகூட நான் தப்பிக்கப் பார்க்கிற பேச்சுத்தான். நானேதான் அவரைத் துரத்தினேன். எழுதிவைக்க வேண்டும் என்று ஒரு வருசமாக நினைத்து நினைத்து, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகக்காரி. கடையில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் இரண்டையும் திருப்பிப் பார்த்துக் காலாவதித் திகதியைத் தேடுவேன். டாக்டர் சிரித்துக்கொண்டே கதிரையைக் காட்டினால் ரிப்போர்ட்டில் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவேன். கவுன்சிலில் இருந்து நன்றி சொல்லிக் கடிதம் வந்தபோதும் மூன்று தரம் வாசித்தேன். கடவுள் நேரில் வந்தாலும் நீ ஐடி கேட்பாய் என்று என் மனிசன் பகிடி பண்ணுவார். கேட்கத்தானே வேண்டும், எத்தனை பேர் கடவுள் மாதிரி வந்து போயிருக்கிறார்கள் என்பேன்.

இப்படிப்பட்ட எனக்கு வாய்த்த உத்தியோகமும் பொருத்தமானதுதான். நடு லண்டனில் ஒரு சின்ன மியூசியத்தில் காவல் வேலை. ரோமர் காலத்துச் சாமான்கள் இருக்கும் அறை என்னுடையது. ஒரு கதிரை, ஒரு வோக்கி ரோக்கி, எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள். யார் கண்ணாடியில் கை வைக்கிறார், யார் பைக்குள் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவருகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம். மற்றவர்கள் அலுப்பு என்பார்கள். எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

அடுத்த அறை அக்காவுடையது. சொந்த அக்கா இல்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவர், யாழ்ப்பாணத்தவர். பதினெட்டு வருசம் ஜேர்மனியில் இருந்துவிட்டு, கணவர் செத்த பிறகு இங்கே வந்து, லண்டனின் தெற்குக் கோடியில் இருக்கிற மோர்டனில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. எங்கள் வீட்டில் அவருக்கு ஜேர்மன் அக்கா என்றே பெயர். நானும் மோர்டன் என்பதால் காலையில் ஒன்றாகத்தான் போவோம். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது, எப்போதும் இருக்க இடம் கிடைக்கும். நான் எதிரில் இருப்பவர்களை நோட்டம் விட்டுக்கொண்டு வருவேன். அவர் பையிலிருந்து கம்பளி நூலை எடுத்துப் பின்னத் தொடங்குவார். கால்மேசு, சால்வை, கழுத்துத் துண்டு என்று ஏதாவது ஒன்று ஊசியில் இருக்கும். ஜேர்மனியில் பழகிய பழக்கம். நத்தார் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்மசுக்கு முந்திய நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு மெழுகுதிரியாக ஏற்றுகிற பழக்கத்தையும் அங்கிருந்து கொண்டுவந்திருந்தார். சைவக்காரிக்கு உது என்னத்துக்கு என்று ஒருமுறை கேட்டேன். நாங்கள் கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றுகிறதுதானே, இருட்டுக் காலத்தில் ஆர் ஏற்றினாலும் விளக்குத்தான் என்றார். மனதுக்கு அது சரியாகப் பட்டதால் அதற்குமேல் நான் கிண்டவில்லை. மத்தியானம் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுவோம். ஏழு வருசமாக இப்படி.

அந்த வருசம் மார்கழியில், மியூசியம் ஒரு ரோம விழா கொண்டாடும் என்று அறிவித்தார்கள். ஒரு காலையில், கதவு திறப்பதற்கு முன்னம், எல்லாரையும் என் அறையில் கூட்டி, ரோமர் பிரிவுக்குப் பொறுப்பான பெண் விளக்கம் சொன்னார். அது சனிக் கிரகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த ஒரு ரோமத் தெய்வத்துக்கு எடுக்கிற விழாவாம். டிசம்பர் பதினேழில் தொடங்கும், பிறகு நாளடைவில் ஒரு வாரமாக நீண்டதாம். பள்ளிக்கூடம் பூட்டு, கோர்ட்டு கச்சேரி பூட்டு. எசமான்கள் அடிமைகளைப் பந்தியில் இருத்திச் சாப்பிட வைப்பார்களாம், சிலர் தாங்களே பரிமாறுவார்களாம். விடுதலை பெற்ற அடிமை போடுகிற தொப்பியை அந்த நாளில் எல்லாரும் போடுவார்களாம். சீட்டுக் குலுக்கி ஒருவரை ராசா ஆக்குவார்களாம், அவர் என்ன கோமாளித்தனம் செய்யச் சொன்னாலும் செய்யவேண்டுமாம். ஆளுக்காள் மெழுகுதிரியும் சின்னச் சின்னப் பொம்மைகளும் பரிசு கொடுப்பார்களாம்.

எனக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. சனிக்கு விழா என்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் புரட்டாதிச் சனிக்கு எள் எண்ணெய் எரிப்பது, ஐயா எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போ என்று கும்பிடுவதற்கு. அவரைக் கூப்பிட்டு விருந்து வைத்துத் தொப்பி போட்டு ஆடுவார்களா? அதுவும் என் மகளுக்கு ஏழரைச் சனி நடக்கிற நேரத்தில்.

யாரோ கேட்டார்கள், அப்படியென்றால் கிறிஸ்மஸ் இதிலிருந்துதான் வந்ததா என்று. அந்தப் பெண் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பரிசும் மெழுகுதிரியும் இங்கே நத்தார் விருந்தில் போடுகிற கடதாசிக் கிரீடமும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, ஆனால் கை மாறி வந்தது என்று காட்ட இடையில் சான்று போதாது, டிசம்பர் இருபத்தைந்தைச் சூரியன் பிறந்த நாளாக ரோமர் குறித்ததும் பிந்திய காலத்தில்தான், யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்பதிலேயே சண்டை இருக்கிறது என்றார். எனக்கு அவரை அந்த இடத்தில் நன்றாகப் பிடித்துவிட்டது. இணையத்தில் எல்லாரும் அடித்துச் சொல்கிற ஒன்றை, படித்த ஒருத்தி தெரியாது என்கிறாள். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அப்போதுதான் என் சட்டைப் பைக்குள் போன் அதிர்ந்தது. மகள். நான் மெதுவாக வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது கூட்டம் முடிந்து எல்லாரும் சிரித்துக்கொண்டு கலைந்தார்கள். விருப்பமானவர்கள் வியாழன் பின்னேரம் மெழுகில் பொம்மை செய்யப் பழகலாம் என்று தாளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுதினார். நான் எழுதவில்லை. நான் தவறவிட்டது அந்தப் பத்து நிமிடம் மட்டும்தான்.

மகளின் விசயத்தை இங்கே சொல்லவேண்டும். அவள் அப்போது எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி. அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. இரண்டு தரமும் நான் சந்தோசம் தாங்காமல் நாலு பேருக்குச் சொன்னேன், இரண்டு தரமும் அந்த நாலு பேருக்கும் பிறகு போன் எடுத்து அழவேண்டி வந்தது. இந்த முறை வாயைத் தைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது. பிள்ளை பிறக்க முன்னம் ஒரு தொட்டில், ஒரு சட்டை, ஒரு சோடி கால்மேசு வாங்கக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். ஜேர்மன் அக்காவிடமும் சொல்லவில்லை. அவரோடு ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் சொல்லாமல் இருந்தேன். பிள்ளை இல்லாதவர், அவரிடம் வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குரல் இருந்தது உண்மை.

அந்த நாட்களில்தான் அக்காவின் பையைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர் ரயிலில் பின்னுவதை நிறுத்திவிட்டார். பையின் வாய்ப்பக்கம் நல்ல சிவப்பு நூல் தெரியும். என் கண் அங்கே போனால் பையை மூடி மடியில் வைத்துக்கொள்வார். ஏழு வருசமாக என் மூக்குக்கு முன்னால் பின்னின மனிசி இப்போது என்னத்தை ஒளிக்கிறார் என்று எனக்குக் குடையத் தொடங்கியது. கேட்கவில்லை. கேட்டால் உசாராகிவிடுவார் என்று நினைத்தேன்.

விழா பதினேழாம் திகதி நடந்தது. பெரிய அதிகாரி ஏப்ரன் கட்டிக்கொண்டு எங்களுக்கு சூப் ஊற்றினார். துப்புரவு செய்கிற பெண்கள் முதல் மேசை. நான் சூப்பைப் பார்த்தேன், அவர் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருசத்துக்கு முன்னம் இதேபோல் இனிப்புப் பை கொடுத்த கையோடு, ஜனவரியில் ஷிப்ட் குறைக்கிற கடிதம் வந்தது எனக்கு மறக்கவில்லை. சீட்டு விழுந்து ராசா ஆனவர், கோட் வாங்கி வைக்கிற கானா நாட்டுக்காரர். பச்சைத் தொப்பியைச் சரித்துப் போட்டுக்கொண்டு, அதிகாரி என் கதிரையில் போய்ப் பத்து நிமிடம் காவல் இருக்கவேண்டும் என்று கட்டளை போட்டார். அதிகாரி ஆறாவது நிமிடத்தில் போனை எடுத்துவிட்டார். கண்ணாடியைப் பாருங்கள், போனைப் பார்க்கவேண்டாம் என்று நான் அதட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். நான் கடைசியாக அவரோடு சேர்ந்து சிரித்தது அதுதான்.

பிறகு பரிசு. யார் கொடுத்தது என்று தெரியாமல், பெயர் எழுதிய பொட்டலங்களை ஒரு சாக்கில் போட்டு எடுப்பது. வேலையிடங்களில் ஒவ்வொரு நத்தாருக்கும் செய்கிறதுதான், இந்த முறை ரோமர் பெயரில் செய்தார்கள். பெயர் இல்லாமல் பரிசு கொடுக்கிற வழக்கமே எனக்குப் பிடிக்காது. நல்லது செய்கிறவன் ஏன் ஒளியவேண்டும்? என் பொட்டலத்தை எல்லார் முன்னாலும் பிரிக்காமல் லொக்கர் அறைக்குக் கொண்டுபோனேன். கடதாசியைக் கிழித்துக் குப்பை வாளியில் போட்டேன்.

உள்ளே ஒரு மெழுகுப் பொம்மை. என் நடுவிரல் நீளம். மூக்கு வாய் இல்லை, இரண்டு கண் மட்டும் ஊசியால் குத்தியிருந்தது. கையைக் காலை ஒடுக்கிக்கொண்டு படுத்திருக்கிற குழந்தை மாதிரி. இரண்டு காலையும் சேர்த்து, கணுக்காலில் சிவப்பு நூலால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அந்த நூல் எனக்குத் தெரியும். மகளின் விசயம் நான் சொல்லாத மனிசி, எப்படியோ அறிந்து, குழந்தை உருவத்தில் பொம்மை செய்து, காலைக் கட்டி, என் பெயர் எழுதித் தந்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு இதை ஒருவரும் விளக்கத் தேவையில்லை. மெழுகில் உருவம் செய்து, கட்டி, கண்ணில் குத்திக் கொடுத்தால் அதற்குப் பெயர் செய்வினை. நான் பத்தாம் வகுப்பு வரை விஞ்ஞானம் படித்தவள், ஊரில் யாராவது சூனியம் என்றால் சிரிக்கிறவள். ஆனால் அந்த அறையில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. மகள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நிற்கிற முகம்தான் கண்ணுக்குள் நின்றது.

அரை மணித்தியாலம் ஆகவில்லை, மருமகனிடம் இருந்து போன். மகளுக்குக் கால் வீங்கி, பிரஷர் ஏறி, ஆஸ்பத்திரியில் தங்கச் சொல்லி மறித்துவிட்டார்களாம். கால் என்று அவர் சொன்ன அந்தச் சொல் போதும். எனக்கு மிச்சம் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அக்காவுக்குச் சொல்லாமல் வேலையிடத்தை விட்டு இறங்கினேன். பொம்மையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, விரல் படாமல் பிடித்துக்கொண்டு பாலத்துக்கு நடந்தேன். பொழுது சாய்கிற நேரம், ஆட்கள் ஒஃபிஸ் விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தேம்ஸில் போட்டேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் பார்க்கவில்லை. நேரே ரயில் ஏறி ஆர்ச்வேக்குப் போய், மேடு ஏறி, அங்கே இருக்கிற கோயிலில் முருகனுக்கு முன்னால் நின்று அழுதேன். எள் விளக்கு ஏற்றினேன். திருநீற்றைத் தாளில் மடித்து, ஆஸ்பத்திரியில் மகளுக்குப் பூச எடுத்துக்கொண்டேன். ஐயரிடம் கேட்போமா என்று வாய்வரை வந்தது, வெட்கத்தில் கேட்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இறங்கி வருகிற வழியில் என் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். என் தம்பியின் மனைவி, மோர்டனில் அவளுக்குத் தெரியாத தமிழ் வீடு இல்லை. நடந்ததைச் சொன்னேன். யாரென்றும் சொன்னேன். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை என்றும் சொன்னேன். அப்படிச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாத வயதா எனக்கு? தெரிந்துதான் சொன்னேன். அக்காவின் வீட்டு வாசலில் ஒருவரும் கால் வைக்கக்கூடாது என்று எனக்கு அப்போது ஆத்திரமாக இருந்தது.

அடுத்த நாளில் இருந்து முந்திய ரயிலில் போனேன். மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அக்கா வடையைத் தாளில் சுற்றிக்கொண்டு என் கதிரைக்கு வந்தார். என்னிட்டை ஏதும் கோபமோ என்று கேட்டார். நான் வடையைத் தொடவில்லை.

“என்ர மகள் பிள்ளைத்தாச்சி எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றேன்.

அவர் விரித்த தாளை என் பக்கம் நீட்டியபடியே சொன்னார்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. உம்மடை முகத்திலை தெரிஞ்சுது. நீரா ஒருநாள் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

குற்றவாளி ஒப்புக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். இனி என்னோடு கதைக்கவேண்டாம் என்று, கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் வடையைத் திரும்ப மடித்துக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

நத்தார் முடிய அவர் வேலைக்கு வரவில்லை. தை பிறந்து, அவர் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். மோர்டனில் கடைக்குப் போன இடத்தில் ஒரு மனிசி அவரைக் கண்டதும் தன் பிள்ளையின் முகத்தைச் சீலையால் மூடிக்கொண்டாள் என்று மச்சாள் எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு திருப்தி இருந்தது. கேட்கும்போது எனக்கும் இருந்தது.

பிரஷர் இறங்கி வீட்டுக்கு வந்திருந்த மகளுக்குத் தை கடைசியில் பெண் பிள்ளை. மூன்று கிழமை முந்திப் பிறந்தாலும் நல்ல சுகம், நல்ல சத்தம். ஆற்றில் போட்டபடியால்தான் தப்பியது என்று நான் எல்லாருக்கும் சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு கிழமை லீவு எடுத்து அவளுக்குப் பத்தியச் சரக்குக் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

போன முதல் நாளே என் அறையில் மாற்றம் இருந்தது. விழாவுக்காக வைத்த பச்சைக் கொப்புகளை எடுத்துவிட்டு, அந்த விழாவுக்கென்றே கொண்டுவந்து மூலையில் நிறுத்திய சனியின் சிறு சிலைக்குப் பக்கத்தில் புதிய விளக்க அட்டை வைத்திருந்தார்கள். புது அட்டை வந்தால் நான் வாசித்துவிடுவேன், யாராவது கேட்டால் சொல்லவேண்டுமே. ரோமில் இருந்த கோயிலில் இந்தத் தெய்வத்தின் காலை வருசம் முழுக்கக் கம்பளி நூலால் கட்டி வைத்திருப்பார்கள், விழா நாளில் மட்டும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. நான் இரண்டாம் தரம் வாசித்தேன். பிறகு கதிரையில் இருந்தேன்.

ரோமர் பிரிவுப் பெண் அந்தப் பக்கம் வந்தபோது, ஏதோ சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன். இது எப்போது கண்டுபிடித்தது என்று. புதிது இல்லை, அன்று கூட்டத்தில் சொன்னேனே, நீங்கள் போன் பேச வெளியே போயிருந்தீர்கள்போல என்றார். பிறகு தானாகவே சொன்னார். வியாழன் வகுப்பில் உங்கள் சிநேகிதி ஒரு பொம்மை செய்தார், அதன் காலிலும் அப்படிக் கட்டலாமா என்று கேட்டார், தனக்கு நெருங்கிய ஒருவர் வீட்டில் பிள்ளைப்பேறு இருக்கிறது, பிள்ளை பெறப்போகிறவளின் அம்மா தன் கையால் அவிழ்த்தால் எல்லாம் சுகமாக அவிழும் என்றார், எனக்கு அது மிகவும் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன் என்று போனை நீட்டினார். படத்தில் பொம்மைக்குப் பக்கத்தில் மடித்த ஒரு சின்னத் தாள் இருந்தது. அதில் தமிழில் ஏதோ எழுதியிருந்தது, பெரிதாக்கிப் பார்த்தும் வாசிக்க முடியவில்லை.

நான் கிழித்து வாளியில் போட்ட கடதாசிக்குள் அந்தத் தாள் இருந்திருக்கவேண்டும். காலாவதித் திகதியைத் தேடுகிற நான், இன்சூரன்ஸ் தாளின் பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாசிக்கிற நான், அந்தக் கடதாசியை ஒருதரம் உதறிப் பார்க்கவில்லை.

அக்காவின் ஃபிளாட் எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. போக எனக்கு இரண்டு கிழமை பிடித்தது. சனிக்கிழமை காலையில் போய் மணி அடித்தேன். கதவைத் திறந்தவர் என்னைக் கண்டு திகைக்கவில்லை. உள்ளே வரச் சொன்னார். தேநீர் போட்டார். பிள்ளை எப்படி, தாய்க்குப் பால் வருகிறதா, துடக்குக் கழிக்கிற முப்பத்தொன்று எப்போது வருகிறது என்று விசாரித்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். யன்னல் ஓரத்தில் நாலு மெழுகுதிரிகள் நின்றன. மூன்று எரிந்து குறைந்திருந்தது, நாலாவது புதிதாகவே இருந்தது.

“நூலை அவிழ்த்தனீரோ?” என்று கேட்டார்.

பொய் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தே எல்லாம் தெரிந்துகொள்கிறவர் என்று நினைவு வந்தது.

“இல்லையக்கா. கட்டோடை தேம்ஸிலை போட்டிட்டன்.”

அவர் தலையை ஆட்டினார். தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். நான் மன்னிப்புக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை, சொல்லெல்லாம் ஒன்றோடொன்று இடறி விழுந்தது. கூட்டத்தில் நான் இருக்கவில்லை, மகளுக்கு அன்று பிரஷர் ஏறிவிட்டது, பயந்துவிட்டேன் என்றெல்லாம் சொன்னேன்.

“பயந்தது பிழையில்லை,” என்றார். “எனக்குப் பிள்ளையில்லை எண்டபடியாத்தானே அப்பிடி நினைச்சனீர்?”

நான் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எழும்பி உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிள்ளை பிறக்க முன்னம் உம்மடை கண்ணிலை படக்கூடாது எண்டு ஒளிச்சு ஒளிச்சுப் பின்னினது, முப்பத்தொண்டுக்குப் போத்துவிடும் என்றார். அவருக்கு எங்கள் வழக்கம் தெரியும். முதலே வாங்கக்கூடாது, முதலே காட்டக்கூடாது. நான் சொல்லாமலே, என் பயத்துக்கு மரியாதை கொடுத்து ரயிலில் பையை மூடியிருக்கிறார். நான் முப்பத்தொன்றுக்கு வாருங்கோ என்று கூப்பிட்டேன். வாற ஆக்கள் என்னைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போவினம், உமக்கு ஏன் அந்தச் சங்கடம் என்றார். அவர் அதைக் குத்திக் காட்டிச் சொல்லவில்லை, நடக்கப்போவதைச் சொன்னார். வாசல்வரை வந்து, குளிராயிருக்கு, கழுத்தை மூடிக்கொண்டு போம் என்றார்.

மச்சாளிடம் போய் உண்மையைச் சொன்னேன், எல்லாருக்கும் சொல்லச் சொன்னேன். அவள் தலையாட்டினாள். செய்வினைக் கதை இரண்டு நாளில் மோர்டன் முழுக்கப் போனது. இந்தக் கதை அவள் வீட்டு வாசலைத் தாண்டியதாக எனக்குத் தெரியவில்லை. அக்கா சித்திரையில் சவுத்தால் பக்கம் வீடு மாறிவிட்டார்.

முப்பத்தொன்றாம் நாள் காலையில், ஆட்கள் வருவதற்கு முன்னம், மகளின் வீட்டில் அந்தப் பொட்டலத்தை எடுத்தேன். அதே சிவப்பு நூலால் கட்டியிருந்தது. மகள் கத்தரிக்கோலை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கட்டிலில் இருந்து, நகத்தால் முடிச்சைக் கிள்ளிக் கிள்ளி அவிழ்த்தேன். இறுக்கமான முடிச்சு. அவிழ்ந்ததும் நூலை விரலில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். அக்காவுக்குச் செய்யவேண்டியதில் இது ஒன்றாவது செய்தேன் என்று நினைத்தேன்.

உள்ளே சிவப்புப் போர்வை. அவ்வளவு மெல்லிய பின்னல். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

“என்னம்மா தேடுறீங்கள்?”

அப்போதுதான் என் கைகளைப் பார்த்தேன். நான் போர்வையைப் பிள்ளைக்குப் போர்த்த எடுக்கவில்லை. அதைப் புரட்டிப் பிடித்து, நாலு ஓரத்தையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டிருந்தேன்.